வாசகர் கேள்வி – பதில்: கதை யார் கையில் இருக்க வேண்டும்?

நலிந்த சூழலில் வளரும் பிள்ளைகளும் இளைஞர்களும் கதை சொல்வதன் வழியாகத் தைரியம் பெறுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரியின் பல பகுதிகளிலிருந்து ஆசிரியர்களும், தொண்டு நிறுவன ஊழியர்களும், பெற்றோரும், இளைஞர்களும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரு பிள்ளையை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஊர்ப்பெயர், வகுப்பு, குடும்ப விவரம் ஆகியவற்றை நீக்கிவிட்டே கடிதங்களை வெளியிடுகிறோம். அதற்கான காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மாலை நேர மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். பலர் வீட்டில் குடி, கடன், ஓயாத சண்டை. கதை சொல்ல வைத்தால் பிள்ளைகளுக்கு மனம் தெளியும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். ஆனால், ‘உன் வாழ்க்கைக் கதையைச் சொல்’ என்றால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
– தன்னார்வலர், கோத்தகிரி வட்டம்

பதில்: அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டது சரியான செயல் என்றே நான் சொல்வேன். பழகிச் சில வாரங்களே ஆன ஒருவர், பத்துப் பேர் நடுவில் வைத்து, ‘உன் வாழ்க்கையைச் சொல்’ என்று கேட்டால் நீங்களும் நானும் கூடச் சொல்லிவிட மாட்டோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அந்தப்புறம் அடுத்த குடும்பம் இருக்கிறது. அங்கு நடக்கும் சண்டை எல்லோருக்கும் கேட்கிறது, ஆனாலும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மௌனத்தால்தான் அங்கே ஒருவரோடொருவர் முகம் பார்த்து வாழ முடிகிறது. அதை நாம் வெளியிலிருந்து வந்து ஒரே மாலையில் உடைத்துவிடக் கூடாது.

வாழ்க்கையிலிருந்து தொடங்காமல், கண்ணால் பார்த்த ஓர் இடத்திலிருந்து தொடங்குங்கள். ‘இன்று பள்ளிக்குப் போகும் வழியில் நீ பார்த்த ஒன்றை, நாங்களும் பார்ப்பது போலச் சொல்’ என்று கேளுங்கள். நான் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நடத்தி வரும் கதை வட்டங்களில் ஒருமுறை இப்படிக் கேட்டபோது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு மாணவி, இலை எடை போடும் இடத்தைச் சொல்லத் தொடங்கினாள். தராசு முள் 22-இல் நின்றது என்றாள். எடை எழுதுபவர் நோட்டில் 20 என்று எழுதினார் என்றாள். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிவு என்றாள். பையைக் கொண்டுவந்த அம்மா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார், எடை எழுதுபவரை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், ‘அன்னைக்கு மழையா?’ என்று கேட்டான். அவள் சற்று யோசித்து, ‘இல்ல, வெயில்’ என்றாள். அந்த அம்மா யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஒரு ஏழைத் தொழிலாளியின் மகளாகிவிட்டிருப்பாள். கேட்காததால் அவள் அங்கு நடந்ததைப் பார்த்த சாட்சியாக இருந்தாள், அவள் சொன்னதை வைத்து மற்ற பிள்ளைகள் சிந்திக்கத் தொடங்கினார்கள். கதை சொல்லும் பிள்ளைக்குத் தைரியம் பிறப்பது இத்தகைய இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பயிற்சியில் உங்களுக்குச் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் செய்தார். எழுதி முடித்த உடனே அவர்கள் முன்பைவிட மனம் கனத்துத்தான் போனார்கள்; ஆனால், நடந்ததையும் அதைப் பற்றித் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் செல்வது குறைந்தது. இந்த ஆய்வை எடுத்துச் சொல்லும் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த மாணவர்கள் தனியாக உட்கார்ந்து எழுதினார்கள், எழுதியதை யார் முன்னிலையிலும் படிக்கவில்லை. ஆகவே, உங்கள் மையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுக் கொடுங்கள். அதை நீங்கள் உட்பட யாரும் திறக்கமாட்டீர்கள் என்று சொல்லுங்கள். சொன்னபடி கடைசி வரை திறக்காமலும் இருங்கள். வட்டத்தில் சொல்லும் கதை வேறு, நோட்டில் எழுதும் கதை வேறு என்று பிள்ளைகள் தாங்களே பிரித்துக்கொள்வார்கள்.

விபத்தோ மரணமோ நடந்த மறுநாளே பிள்ளைகளை உட்கார வைத்து நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்வது இன்னொரு தவறான வழக்கம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சமயங்களில் ஆர்வமுள்ளவர்கள் ஓடி வந்து, ‘மனதில் இருப்பதைக் கொட்டிவிடு’ என்று சொல்வது இயல்பு. பேரிடரை அனுபவித்தவரை உடனடியாக அதை விவரிக்கச் செய்யும் முறையைக் கையாள வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதலில் உணவு, கதகதப்பு, உறவினரோடு சேர்த்து வைத்தல், தானாகப் பேச வந்தால் பொறுமையாகக் கேட்டல் ஆகியவை போதும்.

நடைமுறையில் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கதை வட்டத்தை இருட்டும் வரை நீட்டாதீர்கள். காட்டெருமையும் கரடியும் நடமாடும் வழியில்தான் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். கனமான கதையோடு கலைந்து போகவும் விடாதீர்கள். அவர்கள் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். கடைசிப் பத்து நிமிடம் விடுகதையோ, பாட்டோ, விளையாட்டோ இருக்கட்டும்.

கேள்வி: கூடலூர் பகுதியில் பழங்குடி மாணவர்கள் தங்கிப் படிக்கும் விடுதியில் பணிபுரிகிறேன். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அதிகம். தமிழில் கதை சொல்லச் சொன்னால் ஓரிரு வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தங்களுக்குள் மணிக்கணக்கில் பேசிச் சிரிக்கிறார்கள். அவர்களைத் தமிழில் சொல்லப் பழக்குவதா, அவர்கள் மொழியிலேயே விட்டுவிடுவதா?
– விடுதிப் பணியாளர், கூடலூர்

பதில்: முதல் கதை அவர்கள் மொழியிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. புரிந்தவர்கள் சிரிக்கும் இடத்தில் சிரிப்பார்கள், பயப்படும் இடத்தில் நெருங்கி உட்காருவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருங்கள். வகுப்பறையில் எப்போதும் புரியாமல் உட்கார்ந்திருப்பது அவர்கள். அன்று ஒரு நாள் அந்த இடத்தில் நீங்கள் இருப்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். அதன் பிறகு, ‘எனக்குப் புரியவில்லை, யாராவது தமிழில் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாக்கியத்தோடு நின்ற அதே பிள்ளை, உங்களுக்குப் புரிய வைக்கும் ஆவலில் பத்து வாக்கியம் பேசுவான்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு குழுவினர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர். ஆறு குழுவினரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். ஆனால், இவர்களைப் ‘பழங்குடிப் பிள்ளைகள்’ என்று ஒரே பாயில் உட்கார வைத்து ஒரே கதையை எதிர்பார்ப்பது பொருந்தாது. மந்து எனப்படும் தோடர் குடியிருப்பில் வளரும் பிள்ளை எருமைகளையும் கோயிலையும் பற்றிக் கேட்டு வளர்கிறது. பணியர் குடியிருப்பில் பாட்டியிடம் கேட்டால், நிலக்கிழார்களிடம் கொத்தடிமையாக வேலை செய்த தலைமுறைகளின் நினைவு வரும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல்தான் வந்தது; அந்தக் காலத்தை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நினைவை எப்போது, எவ்வளவு பேரப்பிள்ளைகளிடம் சொல்வது என்பதை அந்தப் பாட்டிதான் முடிவு செய்ய வேண்டும், விடுதியின் கலைநிகழ்ச்சிப் பட்டியல் முடிவு செய்யக் கூடாது.

எம். பி. எமனோ என்ற மொழியியலாளர் 1930-களின் பிற்பகுதியில் இங்கு வந்து தங்கி, கோத்தர்களின் கதைகளையும் தோடர்களின் பாடல்களையும் அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொண்டார். கோத்தர் கதைகளில் பெரும்பகுதியை அவருக்குச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். ஊர்க்காரர் ஒருவர் தன் மொழியில் சொன்ன கதைகள் உலகின் பல்கலைக்கழக நூலகங்களில் இன்றும் இருக்கின்றன. தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் யுனெஸ்கோ அழியும் நிலையிலுள்ள மொழிகளில் சேர்த்திருக்கிறது. பிள்ளைகளிடம் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். ‘என் மொழி பேசினால் சிரிப்பார்கள்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய செய்தி.

பதிவு செய்வதானால் மூத்தவர்களிடம் முதலில் கேளுங்கள். இழவு வீட்டில் மட்டும் பாடும் பாட்டும், குறிப்பிட்ட குலத்தார் மட்டும் சொல்லும் கதையும் உண்டு. மேடையில் பாடக் கூடாது என்று பெரியவர் சொன்னால் அத்துடன் விட்டுவிட வேண்டும். பிறரைக் கேட்க வைக்க விரும்புவோருக்கு ரேடியோ கோத்தகிரி போன்ற சமுதாய வானொலி நல்ல வழி. பல மொழிகளில் உள்ளூர் மக்களே பேசுகிறார்கள், முகம் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் முன்னால் பிள்ளைகளுக்கு வேடம் போட்டுக் கதை சொல்ல வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: குன்னூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நிதி தருபவர்கள், பயனடைந்த பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் காணொளி வேண்டும் என்கிறார்கள். சிறுவயதுத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்டு இப்போது பள்ளியில் படிக்கும் ஒரு மாணவி தானே முன்வந்து பேசச் சம்மதிக்கிறாள். அவள் தாயும் கையெழுத்திடத் தயார். வெளியிடலாமா?
– களப்பணியாளர், குன்னூர்

பதில்: முகத்தோடும் பெயரோடும் வெளியிடக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை தொடர்பான விசாரணையோ வழக்கோ பற்றிய செய்தியில், பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டப்படி மணவயதை எட்டும் முன்பே திருமணம் செய்து வைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் பிள்ளையும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைதான். பாலியல் குற்றம் எதுவும் கலந்திருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கிறது.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அந்த மாணவியின் கல்விக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் நிறுவனம் கட்டுகிறது என்றால், உங்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. நன்றிக்கடனாகத் தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தாயின் கையெழுத்தும் அப்படியே. மேலும், நம் மலை சிறியது. ‘கோத்தகிரி அருகே, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்று பெண்களில் மூத்தவள்’ என்று சொன்னாலே போதும், மாலைக்குள் ஹட்டியில் (படகர் ஊரில்) டீக்கடை வரை செய்தி போய்விடும். முகத்தை மங்கலாக்கினாலும் குரல், வளையல், பின்னால் தெரியும் வீட்டுச் சுவர் இவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயதாகி, வேலைக்கோ வரனுக்கோ யாராவது அவள் பெயரைக் கைப்பேசியில் தேடினால், நாம் எடுத்த காணொளிதான் முதலில் வந்து நிற்கும். அன்றைக்கு அதைத் திரும்பப் பெற நம்மால் முடியாது.

அவள் பேச விரும்புகிறாள் என்பதைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். அவள் விருப்பம் மதிப்புமிக்கது. மூன்றாம் ஆளைப் பற்றிய கதையாக அவளையே எழுதச் சொல்லுங்கள். ஊர், வயது, உறவு ஆகியவற்றை அவளே மாற்றட்டும். வேறொருவர் குரலில் படிக்கலாம், படம் வரையலாம். எழுதி முடித்ததும் முதல் பிரதி அவளிடம் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, உங்கள் நிறுவனத்தைச் சாராத ஒருவர் அவளிடம், ‘இதை வெளியே காட்டலாமா, எந்த வரியை எடுத்துவிட வேண்டும்?’ என்று கேட்கட்டும். அவள் மனம் மாறினால் காரணம் கேட்காமல் நிறுத்திவிடுங்கள். நிதி தருபவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: எங்கள் சட்டம் இதை அனுமதிக்கவில்லை. நல்ல மனம் படைத்தவர்கள் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்ளாதவர்களின் பணத்துக்காக அந்தப் பிள்ளையை விலையாகக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் நடந்த கதை வட்டத்தில் ஒரு சிறுமி சொன்ன முயல்குட்டிக் கதையில், அந்த முயல் இருட்டினால் ஓர் உறவினர் வீட்டுக்குப் போக மறுத்து அழுதது. மற்றவர்கள் சாதாரணமாகக் கேட்டார்கள். எனக்கு மட்டும் மனம் திக்கென்றது. நான் என்ன செய்ய வேண்டும்?
– நூலகத் தன்னார்வலர், உதகை

பதில்: வட்டத்தில் வைத்து எதுவும் கேட்காதீர்கள். அன்றே, அவளுக்குப் பழக்கமான, மற்றவர்கள் பார்க்கக்கூடிய ஆனால் கேட்க முடியாத ஓர் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அந்த முயல்குட்டிக்கு உதவி வேண்டுமென்றால் என்னிடம் சொல்லலாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னால் நம்புங்கள், துருவித் துருவிக் கேட்க வேண்டாம், நீங்களாக ஒரு பெயரையோ செயலையோ எடுத்துக் கொடுக்க வேண்டாம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று தெரிய வரும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அவள் சொன்ன சொற்களை அப்படியே, தேதியுடன் எழுதி வைத்துக்கொண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் அது. சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். குடும்பத்தாரிடம் நீங்களே போய் விசாரித்தால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து கூடும், அதனால் அதைச் செய்யாதீர்கள். பிள்ளை வேறு ஏதாவது கொடுமையில் இருந்தாலும் இதே எண்தான். உயிரை விட்டுவிடும் எண்ணம் யாருடைய பேச்சிலாவது தெரிந்தால், அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகரோடு பேச வையுங்கள்.

கேள்வி: எனக்குப் 19 வயது. பந்தலூர் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் பிறந்தேன். கோவையில் கல்லூரியில் படிக்கிறேன். தாத்தா சிலோனிலிருந்து வந்தவர். கல்லூரியில் சொந்த ஊர் எது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. சிலோன்காரன் என்று கிண்டல் செய்கிறார்கள். கதை சொல்லுங்கள் என்கிறீர்களே, ஊரே இல்லாத எங்களுக்குச் சொல்ல என்ன கதை இருக்கிறது?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, இங்கு வந்த கடிதங்களில் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான். உங்கள் தாத்தாவின் கதை இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒரு தாளில் தொடங்குகிறது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் இன்னோர் ஒப்பந்தம். எந்தக் குடும்பம் எங்கே போக வேண்டும் என்ற கேள்வியில் அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்தார்கள். இலங்கையின் மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை அங்குள்ளவர்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ (கோச்சி என்றால் ரயில்) என்று அழைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், அங்கிருந்து வெவ்வேறு மாவட்டங்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் வனத்துறையின் கீழ் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கினார்கள். அதுதான் பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, நீங்கள் பிறந்த டான்டீயாக ஆயிற்று. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் சரிவுகளில் இன்று பச்சையாகத் தெரியும் செடிகளில் பலவற்றை நட்டவர்கள் உங்கள் தாத்தாவும் அவரோடு வந்தவர்களும்தான்.

சொந்த ஊர் எது என்று கேட்பவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நடந்து வந்த பாதை இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கிண்டல் செய்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கவில்லை. நம் பள்ளிப் பாடத்தில் அதற்குக் கிடைத்திருக்கும் இடம் மிகக் குறைவு. நீங்கள் அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதலில் உங்களுக்காகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பாட்டியோ, தாத்தாவோடு வந்த வேறு யாரோ இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். ‘சிலோன் வாழ்க்கை எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘என்னத்தச் சொல்ல’ என்று முடித்துவிடுவார்கள். கப்பலில் வரும்போது எந்தப் பெட்டி கொண்டு வந்தீர்கள், அதற்குள் என்ன இருந்தது, எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். அங்கே தோட்டத்தின் பெயர் என்ன, லயத்தில் (அங்குள்ள லைன் வீட்டில்) எத்தனையாவது காம்பரா (அறை), மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடினார்களா, ரதி வேடம் யார் போட்டார்கள் என்று கேளுங்கள். மண்டபத்தில் இறங்கிய அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். தகரப் பெட்டியின் அடியில் பழைய பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ இருக்கும். அதிலுள்ள புகைப்படத்தில் உங்கள் வயதில் இருக்கும் ஒருவர் உங்களைப் பார்ப்பார். அனுமதி கேட்டுக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் அழுதால் பதிவை நிறுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் கொடுங்கள். சொல்ல மறுக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எழுதும்போது அவர்கள் பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

கேள்வி: என் மகன் எதைக் கேட்டாலும் பேய்க் கதையும் யானைக் கதையுமாகவே சொல்கிறான். இதனால் ஏதாவது பயன் உண்டா, நிஜத்தைச் சொல்லப் பழக்க வேண்டுமா?
– ஒரு தாய், தேவாலா

பதில்: சொல்லட்டும் அம்மா. உங்கள் ஊரில் யானை கற்பனை இல்லையே. இரவில் வாழைத் தோட்டத்தில் நின்றுவிட்டுப் போகும் யானையைப் பற்றிய பயத்தைப் பிள்ளை கதையாக்கிக் கையில் பிடித்துக்கொள்கிறான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரே கதையை, ஒரே முடிவோடு, விளையாட்டில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லி, தூக்கமும் கெட்டால், மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி அவனிடம், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள்.

கேள்வி: கேத்திப் பக்கம், படிப்பை நிறுத்திவிட்டுக் கேரட் அறுவடைக்கு நடு இரவில் லாரியேறிப் போகும் இளைஞர்களோடு பழகுகிறேன். கதை, நாடகம் என்று அழைத்தால், ‘அதனால் கூலி கூடுமா அண்ணா?’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– இளைஞர் மன்றப் பொறுப்பாளர்

பதில்: அதனால் கூலி உயராது என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். கதை சொல்லிப் பச்சைத் தேயிலை விலையை ஏற்றிவிடவோ, நிறுத்திய படிப்பைத் திரும்பக் கொண்டுவரவோ முடியாது. கதை வட்டம் நடத்திவிட்டாலே இளைஞர்கள் முன்னேறிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதுவோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால், தனக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, கேட்பவர் நம்பும்படி, கோபத்தில் குழறாமல் சொல்லத் தெரிந்தவனுக்கு அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கூலி தருபவரிடமும் ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அதை வீணென்று நான் நினைக்கவில்லை.

சட்டமே கதையை ஆதாரமாக ஏற்கும் இடமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் நிலத்துக்கோ காட்டுப் பயனுக்கோ உரிமை கோரும்போது, அரசு ஆவணங்களோடு, உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து ஆதாரமாக வைக்கலாம் என்று 2008-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. எந்த ஓடையில் மீன் பிடித்தோம், எந்தப் பாறையில் தேன் எடுத்தோம், எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தோம் என்று பெரியவர் சொல்வதை உட்கார்ந்து கேட்டுப் பிழையின்றி எழுதித் தர ஓர் இளைஞன் தேவை. எழுதப் படிக்கத் தெரிந்த அந்த இளைஞன் உங்கள் லாரியில் போகிறவனாகக் கூட இருக்கலாம்.

உங்கள் மன்றத்தில் நாடகம் போடுவதானால், பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் உருவாக்கிய முறையைப் பாருங்கள். இளைஞர்கள் தங்களுக்கு நடந்த ஒன்றை, உதாரணமாகக் கூலியில் பிடித்தம் செய்ததை, சிறு காட்சியாக நடிக்கிறார்கள். அது தோல்வியில் முடிகிறது. மறுபடி நடிக்கும்போது, பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு விதமாகப் பேசிப் பார்க்கலாம். என்ன சொன்னால் மேஸ்திரி கோபப்படுகிறார், என்ன சொன்னால் நின்று கேட்கிறார் என்பதை அடி வாங்காமல் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. அவர்கள் உறங்கி எழும் பிற்பகலில் நடத்துங்கள். மாலையில் அழைத்தால் வர முடியாது. உங்கள் பகுதி ஊராட்சிக்குள் வருமானால், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். பேரூராட்சிக்குள் வருமானால் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம். நாடகத்தில் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்ததை ஒரு பக்க மனுவாக எழுதி, அதை நடித்த இளைஞனே எழுந்து வாசிக்கட்டும்.

(கடிதம் எழுதுவோர் பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் குறிப்பிடாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.)